மஞ்சள் சேவல் சிவந்த கதை

நான் அரண்மனை எழுத்தர் பரம்பரையில் வந்தவன் என்று, இரும்புச் சட்டை போட்ட முப்பது பேர் முன்னிலையில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். குடித்துவிட்டுச் சொன்னேன் என்றாலாவது மன்னிப்பு உண்டு. கையில் இருந்தது லெமனேட். என் அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எழுத்தர். அவருடைய அப்பா அதே அலுவலக வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதியவர். அரண்மனைக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே தொடர்பு, ஊரில் அரண்மனைத் தெரு என்று ஒன்று இருந்ததுதான். அதிலும் நாங்கள் குடியிருக்கவில்லை.

அது தொண்ணூற்றெட்டு. டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டாயிரம் பிறந்த நிமிடமே உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குத் திரும்பிப் போய்விடும் என்று பயந்து, அதைத் தடுக்க எங்களைப் போன்றவர்களை விமானம் விமானமாக இறக்கியிருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை இயந்திரங்கள் நூறு வருடம் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்வேன். சனிக்கிழமை நானே எழுநூறு வருடம் பின்னால் போய்விடுவேன்.

கூட்டிப்போனவர் அடுத்த க்யூபிக்கிள்காரர். ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையை வாடகைக்கு எடுத்து, கூடாரம் அடித்து, வார இறுதிகளில் ஐரோப்பாவின் பழைய காலத்தை வாழ்ந்து பார்க்கும் கூட்டம் அது. ராஜா உண்டு. பிரம்புத் தடியால் ஒருவரை ஒருவர் அடித்து, கடைசியில் யார் நிற்கிறாரோ அவர் ஆறு மாதத்துக்கு ராஜா. நான் சேர்ந்தபோது ராஜாவாக இருந்தவர் வாரநாட்களில் டயர் கடை மேனேஜர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு என்ன தெரியும்?" என்றார். அடிபடத் தெரியும் என்பது என் உடம்பைப் பார்த்தாலே புரியும். அதற்கு மேல் எதையாவது சொல்ல வேண்டுமே என்றுதான் அந்த அரண்மனை எழுத்தரைப் பெற்றெடுத்தேன்.

விளைவாக, விருதுப் பட்டயம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சபை கூடும்போது ராஜா ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவர் வந்து மண்டியிடுவார். ராஜா பட்டயத்தை உரக்கப் படித்து, சுருட்டிக் கொடுப்பார். ஓரமெல்லாம் கொடி, பூ, முயல், நத்தை என்று வண்ணத்தில் வரைந்து, பெரிய முதல் எழுத்துப் போட்டு, பெறுகிறவரின் கேடயச் சின்னத்தை மேலே தீட்டியிருக்க வேண்டும். கையெழுத்து எனக்கு அப்பா கொடுத்த சொத்து, அதில் பொய் இல்லை. வாசகத்துக்கும் பஞ்சமில்லை. தாத்தா எழுதிய கிரயப் பத்திரங்களின் பாணியை அப்படியே இங்கிலீஷில் இறக்கினேன். 'சூரிய சந்திரர் உள்ளவரை, புத்திர பௌத்திர பாரம்பரியமாக, சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று ராஜா வாசித்தபோது, கூட்டம் மெய்சிலிர்த்தது. சார்பதிவாளர் அலுவலகத்து மொழி இப்படி ஒரு மரியாதையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பார்த்ததே கிடையாது.

நம் ஆட்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டாம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், தயிர்சாதத் தட்டோடு நின்ற நண்பன் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்: "டேய், நீ இன்னும் க்ரீன் கார்டுக்கே அப்ளை பண்ணல. அதுக்குள்ள பதிமூணாம் நூற்றாண்டுக்குப் போறியே, அங்க யாருடா உனக்கு ஸ்பான்ஸர்?"

அந்தக் கூட்டத்தில் ஒரு சமையல்காரம்மா இருந்தார். அறுபது வயது. வாரநாட்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். பதினோரு வருடமாக, ஒவ்வொரு முகாமிலும் இருநூறு பேருக்குச் சமைத்தவர். நான் சைவம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு தனிப் பானை வைத்தார். கூட்டத்தில் என்னிடம் மட்டும் யாரும் "அப்போ கோழி சாப்பிடுவே இல்ல?" என்று கேட்காமல் இருந்ததற்கு அவர் கையிலிருந்த கரண்டிதான் காரணம். ஆனால் அவருக்கு ஒரு விருதும் கிடையாது. விருதெல்லாம் தடியால் அடித்தவர்களுக்கே போனது.

இதற்குப் பின்னால் ஒரு பல் டாக்டர் இருந்தார். சின்ன ஏடு ஒன்றில் எல்லாருடைய கேடயச் சின்னத்தையும் பதிந்து வைத்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. "சமைக்கிறதெல்லாம் எப்படி வீரத்துல சேரும்?" என்பது அவர் கட்சி. அவருடைய சின்னம் சிவப்புச் சேவல். சமையல்காரம்மாவின் சின்னம், அப்பா வைத்திருந்த கோழிப்பண்ணை நினைவாக, நீலக் கேடயத்தில் மஞ்சள் சேவல். இரண்டு சேவல்களுக்கும் ஆகாது.

ஒருநாள் நான் சமையல்காரம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சபைக் கூடாரத்திலிருந்து கைதட்டல் கேட்டது. அவர் பார்லியைக் கிளறியபடியே சொன்னார்: "பதினோரு வருஷமா அங்க யார் யார் பேரையோ கூப்பிடறாங்க. நான் இங்கேயிருந்து கேட்டுக்கிட்டே கிளறுறேன். ஒரே ஒரு தடவை என் பேரைக் கூப்பிட்டாப் போதும், ஹனி. அடுப்பை அணைச்சிட்டு ஓடிப் போய் நிப்பேன்."

அந்த அக்டோபரில், அவர் கணவருக்கு வேலை மாற்றல் வந்து, அவர்கள் ஒஹாயோவுக்குக் குடிபோவதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை சபை. திங்கட்கிழமை சாமான் லாரி. ராஜா என்னை டயர் கடைக்கே வரவழைத்து, "ரகசியம். அந்தம்மாவுக்குப் பட்டயம். இந்தத் தடவை காகிதம் வேண்டாம்" என்று, இரண்டு டயர்களுக்கு நடுவிலிருந்து ஒரு அட்டைக் குழாயை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அசல் ஆட்டுத்தோல். ஒன்றே ஒன்று. பல் டாக்டரிடமும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் ராஜாவை எதிர்க்கவில்லை. சட்டம் பேசினார். "சின்னம் ஏட்டுல இருக்கிற நிறத்துல இருக்கணும். மாறியிருந்தா அடுத்த சபைக்குத் தள்ளி வைப்பேன்." அடுத்த சபை மார்ச்சில். அப்போது சமையல்காரம்மா ஒஹாயோவில் இருப்பார்.

தோலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறை மேஜைமேல் விரித்ததும் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, அப்பளமா?"

"ஆட்டுத்தோல்."

"சாமி ஷெல்ஃபுக்கு நேர் எதிர்லயா? எடுங்க மொதல்ல."

"மிருதங்கம் மட்டும் என்ன பிளாஸ்டிக்லயா பண்றாங்க?"

"மிருதங்கத்துல யாரும் சப்பாத்தி இடறதில்ல. கராஜுக்குப் போங்க."

போனேன். வாஷிங் மெஷினுக்கும் புல்வெட்டும் மெஷினுக்கும் நடுவே, டெக்ஸாஸ் அக்டோபரில், அதாவது கோடையின் நாலாம் பாகத்தில், அரண்மனை எழுத்தர் வேலை செய்தார். வாசகம் தாத்தா பாணியிலேயே மிக நீளமாக வந்தது. சமையல் கூடாரத்துக்கு நான்கெல்லை கூடக் கொடுத்தேன்: வடக்கே தண்ணீர்க் குழாய், தெற்கே பிளாஸ்டிக் கழிப்பறைகள், கிழக்கே கார் நிறுத்துமிடம், மேற்கே ராஜாவின் கூடாரம், இதற்குட்பட்ட அடுப்பு, அண்டா, கரண்டி, புகை சகலமும். கடைசியில், 'மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று முத்தாய்ப்பு வைத்தேன்.

மிச்சம் இருந்தது சேவல். அதற்குத் தங்கத்தகடு ஒட்டலாம் என்று ஒரு தாள் வாங்கினேன். தும்மினேன். அது என் மூக்கில் ஒட்டியது. அந்தக் காலத்தில் தங்கம் இல்லாதவர்கள், வெள்ளையாக ஒரு மேடு எழுப்பி, அதன்மேல் குங்குமப்பூச் சாறு பூசுவார்களாம். வீட்டில் குங்குமப்பூ இருந்தது. "பாயசத்துக்கு வெச்சிருக்கேன். சேவலுக்கெல்லாம் கிடையாது" என்றாள் மனைவி. அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. மஞ்சள்தூள்! அந்த வாரமே ராஜாவையும் பல் டாக்டரையும் தனியே கூப்பிட்டு அறிவித்துவிட்டேன்: "எங்கள் நாட்டில் இதை மூவாயிரம் வருடமாகக் கையாண்டு வருகிறோம். நீங்கள் கவலைப்பட வேண்டாம்." பல் டாக்டர்கூடத் தலையாட்டினார்.

வெள்ளை மேட்டுக்கு நல்ல வெள்ளைப்பொடி வேண்டும். மெக்ஸிக்கோக்காரர் மளிகைக் கடையில், சோளத்தை ஊறவைப்பதற்காகச் சுண்ணாம்பு விற்பார்கள். பால்போல வெள்ளை. ஒரு பொட்டலம் வாங்கி, கோந்தில் குழைத்து, சேவல் வடிவத்தில் அப்பிக் காயவைத்தேன்.

இந்த இடத்தில், தமிழ் வாசிக்கத் தெரிந்த எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டிருப்பீர்கள். அன்று கராஜில் அப்படிக் கைவைத்துக்கொள்ள ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, மஞ்சள்தூளைக் கரைத்து, மெல்லிய பிரஷால் சேவல்மேல் தடவினேன். ஆகா, சூரியன் உதித்த மாதிரி இருந்தது. பிரஷைக் கழுவிவிட்டு வந்தேன். ஆரஞ்சாக இருந்தது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். கராஜ் கதவைத் திறந்து வெயிலில் பார்த்தேன். கொண்டை முதல் வால் வரை, பல் டாக்டரின் சேவல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தச் சிவப்பு.

நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடிவந்தாள்.

"என்னாச்சு, கையை வெட்டிக்கிட்டீங்களா?"

"சேவல் சிவந்துடுச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பார்த்தாள். மஞ்சள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தனியாக ஒரு பட்டயத்தில் எழுதலாம்.

"கல்யாணத்துல வாசல்ல நிக்கவெச்சு உங்களுக்கு ஆரத்தி சுத்தினாங்களே, தட்டுல சேப்பா இருந்ததே, அதை என்னன்னு நினைச்சீங்க? ரோஸ் மில்க்கா?"

"அது... குங்குமம்னு நினைச்சேன்."

"மஞ்சளும் சுண்ணாம்பும்! மூவாயிரம் வருஷமாக் கையாள்றீங்களாமே!"

வாஷிங் மெஷின்மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசாவில் அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எனவே அந்த எம்.எஸ்ஸி. இரண்டு வருடமாக, பித்தளை விளக்குத் துலக்குவதோடு நின்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்லிக் கரண்டியோடு ஒரு அம்மாள் காத்திருப்பதை அவளிடம் சொன்னேன். நாளை மதியம் இந்தச் சேவல் சிவப்பாக இருந்தால் அவர் பெயரைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். உள்ளே போனாள். அரை மூடி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"நகருங்க."

பஞ்சில் நனைத்து ஒற்றினாள். சேவல் நுரைத்தது. உண்மையாகவே, வாயில் நுரை தள்ளுவதுபோல. நுரை அடங்கியதும் மஞ்சள்! ஹேர் டிரையரைப் பிடித்துக் காயவைத்தோம். கராஜ் முழுக்க எலுமிச்சம் சாத வாசனை.

"ஆனா ஒண்ணு" என்றாள். "அடியில சுண்ணாம்பு இருக்கு. ஈரம் பட்டா மறுபடி சேப்பாகும். மழை வராம வேண்டிக்குங்க."

சனிக்கிழமை காலையிலிருந்து வானம் கறுத்துக் கிடந்தது. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும், அப்படி ஒரு புழுக்கம். மனைவியும் வந்தாள், முதல்முறையாக. அங்கே போகிறவர்கள் பழைய காலத்து உடையில்தான் போகவேண்டும். "அந்தக் கவுனெல்லாம் என்னால ஆகாது" என்று கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டி வந்தாள். கைப்பையில் நாலு எலுமிச்சம்பழம். வாசலில் நின்ற வீரர்கள், ஏதோ தேசத்து மகாராணி என்று நினைத்து, வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். ஒரு வருடமாக உயிரைக் கொடுத்து எழுதும் எனக்கு ஒருவரும் குனிந்ததில்லை.

பல் டாக்டர் ஏட்டை விரித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சேவலைச் சோதித்தார். "மஞ்சள்தான்" என்றார், சொத்தைப் பல் இல்லை என்று சொல்லும் வருத்தத்தோடு.

சபை கூடியது. ராஜா எழுந்து சமையல்காரம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். வெளியே ஒரு அண்டா மூடி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஓட்டம். உண்மையிலேயே ஓடித்தான் வந்தார், ஏப்ரனோடு, கரண்டியோடு. முன்னால் வந்து நின்ற பிறகுதான் கையில் கரண்டி இருப்பதைப் பார்த்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், வாளைப்போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்.

ராஜா படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் பல் டாக்டர். அப்போதுதான் மழை தொடங்கியது. கூடாரத்துக்குள் வெந்நீர் ஆவி மாதிரி ஒரு ஈரம் புகுந்தது. போதாததற்கு ராஜாவின் கை வியர்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் சரியாகச் சேவலின் வால்மேல். அவர் வடக்கெல்லை படித்தபோது வால் சிவந்தது. பிளாஸ்டிக் கழிப்பறைக்குக் கூட்டம் கைதட்டிச் சிரித்தபோது இறக்கை சிவந்தது. தாத்தா, கொஞ்சம் சுருக்கமாக எழுதியிருக்கக் கூடாதா! 'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று ராஜா முழங்கிய நொடியில், கொண்டையும் சிவந்து சேவல் பூரணமாகக் கட்சி மாறியது.

பல் டாக்டர் பார்த்துவிட்டார். ஏட்டைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். "ராஜா, ஒரு நிமிஷம். இந்தச் சின்னம்..."

சமையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியாது. ஆனால் பதினோரு வருடம் இந்தக் கூட்டத்தில் இருந்தவருக்கு, அந்தச் செருமலின் அர்த்தம் தெரியும். கரண்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

அப்போது பட்டுப்புடவை சரசரக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி பின்வரிசையிலிருந்து எழுந்து, நடுவழியாக, ஒரு தட்டில் நறுக்கிய எலுமிச்சம்பழத்தோடு, நிதானமாக நடந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை. மகாராணியை யார் தடுப்பார்கள்? ராஜா கையில் இருந்த பட்டயத்தைத் தாழ்த்தச் சொல்லிக் கண்ணாலேயே ஜாடை காட்டினாள். அவர் தாழ்த்தினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்புச் சேவல்மேல் எலுமிச்சையை ஒற்றினாள். சேவல் நுரைத்தது; மஞ்சளாயிற்று. இருநூறு பேர் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. தட்டைத் தூக்கிச் சமையல்காரம்மாவுக்கு வலமாக மூன்று சுற்று சுற்றினாள். முன்வரிசையில் ஒரு வீரர் மண்டியிட்டார். பக்கத்தில் இருந்தவரும். பிறகு சோளக்கொல்லை காற்றில் சாய்வதுபோலக் கூடாரமே மண்டியிட்டது. இரும்பு கலகலத்த சத்தம் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

நின்றுகொண்டிருந்தவர் பல் டாக்டர் மட்டும்தான். என் மனைவி அவரைப் பார்த்தாள். பட்டயத்தைப் பார்த்தாள். "எல்லோ?" என்றாள், ஒரே வார்த்தை.

அவர் ஏட்டைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், மண்டியிட்ட கூட்டத்தைப் பார்த்தார். "ஏட்டில் உள்ளபடி" என்று சொல்லி, அவரும் முழங்காலைத் தேடினார்.

சமையல்காரம்மா பட்டயத்தை வாங்கி, சுருட்டுவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "கடவுளே, இது பசியைக் கிளப்புதே!" என்றார். அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே என் மனைவியைக் கட்டிப்பிடித்தார், கரண்டியில் இருந்த பார்லி பட்டுப்புடவையில் அப்பியது. மனைவி கண்டுகொள்ளவே இல்லை. அப்படியென்றால், நிலைமை எவ்வளவு உச்சத்தில் இருந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அன்று விருது வாங்கிய மற்ற மூன்று பேரும் தங்களுக்கும் எலுமிச்சை வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அவர்களுடைய பட்டயத்தில் சுண்ணாம்பும் இல்லை மஞ்சளும் இல்லை. மனைவி சும்மா ஒற்றிவிட்டு, தட்டைச் சுற்றினாள். கடைசியில் பல் டாக்டரே மெதுவாக என் பக்கத்தில் வந்து, "வசந்தகால சபையில எனக்கு ஒரு விருது வரலாம்னு பேச்சு. உங்க வீட்டம்மா வருவாங்களா?" என்று கேட்டார்.

வீடு திரும்பும்போது காரில் அவள் புடவையில் இருந்த பார்லியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருஷமா டிகிரியைப் பெட்டியில பூட்டி வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் வெளியில எடுத்தேன். மத்தபடி அந்த சேவல் கால் எல்லாம் நல்லாத்தான் வரைஞ்சிருந்தீங்க." என் வாழ்க்கையில் நான் வாங்கிய விருது அது ஒன்றுதான்.

ஒஹாயோவிலிருந்து மார்ச் மாதம் போன் வந்தது. பட்டயத்தைச் சட்டம் போடாமல் அப்படியே சமையலறைச் சுவரில் மாட்டியிருப்பதாகச் சமையல்காரம்மா சொன்னார். தினமும் பார்ப்பதாகச் சொன்னார். பின்னே, சும்மாவா? மூன்று வார உழைப்பு, ஆட்டுத்தோல், பரம்பரைக் கையெழுத்து. "உங்க பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பாத்தாங்களா?" என்று கேட்டேன், அடக்கத்தோடு.

"பாக்காம? எதிர்வீட்டுக்காரி தினம் காலையில காபிக்கு வந்து அதைத்தான் மொதல்ல பாக்கறா. மழை வரதுக்கு முன்னாடி சேவல் சேப்பாயிடுது. மழை விட்டதும் நான் எலுமிச்சை ஒத்தி மஞ்சளாக்கிடறேன். டிவிக்காரனைவிட இது கரெக்டா சொல்லுதாம்."

"அந்த எழுத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"



"எந்த எழுத்து, ஹனி? அதுவா... அது உபயோகிக்கிற முறைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."